பதினெட்டு அடியா, இருபத்திரண்டு அடியா

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

தங்கள் தம்பி மகள் வணங்கி எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உடம்பைப் பொறுத்தவரை அது உண்மை. தங்கள் முழங்கால் வலியும் மாமாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் இந்தக் கடிதம் கிடைத்ததும் தாங்கள் புறப்பட்டு வரவேண்டும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நம் வீட்டில் ஒருவர் போனை எடுத்தால் மற்ற ஆறு பேரும் அதே அறையில் எதையாவது தேட வந்துவிடுகிறார்கள். தவிர, பேச வாயெடுத்தால் நான் உளறிக்கொட்டுவேன் என்பது தங்களுக்குத் தெரிந்ததே. எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயம் இதுதான். அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஒரு மோட்டார் படகு வாங்கப்போகிறார்கள். மீன் பிடிக்க அல்ல, ஆள் ஏற்றிப் பிழைக்கவும் அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியில் சும்மா சுற்றிவர. சோபாவுக்கும் கார் சீட்டுக்கும் உறை தைத்தே இருவருக்கும் தலை நரைத்துவிட்டது, ஊரில் உள்ளவர்களை எல்லாம் உட்காரவைத்தாயிற்று, இனி நாமும் ஓரிடத்தில் உட்காருவோம் என்று, ஒரு தியேட்டருக்குச் சீட் உறை தைத்து முடித்த கையோடு இருவரும் ஒரே குரலில் முடிவு செய்தார்கள். அந்த ஒரே குரல் படகுக் கடை வாசல்வரைக்கும் வந்தது. உள்ளே பதினெட்டு அடியில் ஒன்றும் இருபத்திரண்டு அடியில் ஒன்றும் நின்றன. அப்பா சின்னதன் பக்கம் போனார். சித்தப்பா பெரியதன் பக்கம் போனார். அன்று நின்ற இடத்தில்தான் இன்றும் நிற்கிறார்கள்.

கடையில் இருந்த விற்பனையாளர் நல்ல மனிதர். இன்ஜினின் குதிரைச் சக்தியைப் பற்றி அவர் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தபோது, அப்பா சின்னப் படகின் சீட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்; சித்தப்பா பெரிய படகின் சீட்டைக் கழற்றிக் கவிழ்த்துத் தையலை எண்ணிக்கொண்டிருந்தார். "சார், இன்ஜினைப் பாருங்க சார்" என்றார் அவர். "இன்ஜின் மேலயா உக்காரப் போறோம்? உள்ள என்ன ஸ்பாஞ்ச் வச்சிருக்கீங்க, அதச் சொல்லுங்க" என்றார் அப்பா. இரண்டு படகிலும் தையல் மட்டம் என்பதில் அண்ணனும் தம்பியும் ஒத்துப்போனார்கள். அதன்பிறகு அன்று அவர்கள் ஒத்துப்போனது ஒரே ஒரு முறைதான். இவர்கள் இழுபறியைப் பார்த்துவிட்டு, "நடுவுல இருபதடி ஒண்ணு இருக்கு சார்" என்று விற்பனையாளர் தயங்கிச் சொன்னபோது, இருவரும் சேர்ந்து, "ரெண்டுங்கெட்டான்! வேணாம்" என்றார்கள்.

அப்பாவின் கட்சி என்னவென்றால், பதினெட்டடி நம் வேனுக்குப் பின்னால் கட்டி இழுக்கத் தோதானது, பட்டறைக் கதவுக்குள் நுழையும், ஒரே ஆள் கரையில் ஒதுக்கிக் கட்டிவிடலாம், எண்ணெய் குடிப்பதும் குறைவு. சித்தப்பாவின் கட்சி என்னவென்றால், காற்றடித்தால் சின்னது தவளை மாதிரி தத்தும், பெரியது அசையாது, பத்துப் பேர் உட்காரலாம், அதோடு கதவு வைத்த ஒரு சின்னக் கழிவறையும் உண்டு. கழிவறை என்று காதில் விழுந்ததும், இந்த வீட்டில் எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத அம்மாவும் சித்தியும் கைகோத்துக்கொண்டு சித்தப்பா பக்கம் சாய்ந்துவிட்டார்கள். "ரெண்டு மணி நேரம் அடக்க முடியாதா உங்களால?" என்று அப்பா கேட்டார். அம்மாவின் பதில் மறுநாள் அப்பாவின் தட்டில் உப்பில்லாமல் வந்தது.

இதுவரைக்கும்கூடப் பெரிய சேதம் இல்லை அத்தை. சேதம் ஒரு சொல்லால் வந்தது. "குடும்பத்துக்குப் பதினெட்டடி தாராளம்டா" என்று அப்பா சொல்லிவிட்டார். சின்னப் படகில் ஐந்து பேர்தான் உட்காரலாம். நாங்கள் ஏழு பேர். சித்தப்பா கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "குடும்பம்னா யாரு யாருண்ணே?" என்று கேட்டார். இரண்டு நடையாகப் போய்வரலாமே என்றுதான் அப்பா நினைத்திருக்கிறார். அதை அவர் சொன்ன விதம்தான் சரியில்லை. "ஏன், நாங்க போய்ட்டு வந்ததும் நீங்க ஏறுங்க" என்றார். "அப்ப நாங்க ரெண்டாம் பந்தியா?" என்றார் சித்தப்பா. அவ்வளவுதான். பேச்சு நின்றுபோயிற்று.

சமாதானம் செய்யலாம் என்று அம்மா ஒரு யோசனை சொன்னார். இரண்டு படகையும் பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, உள்ளே சோபாக்களைப் போட்டு, எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பது என்று. பதினெட்டடிக்குள் ஐந்து பேரும் அடங்கினோம். சித்தப்பாவின் இரட்டைக் குழந்தைகள் இரண்டும் கோட்டுக்கு வெளியே நின்று "நாங்க தண்ணில விழுந்துட்டோம்" என்று அழுதன. இருபத்திரண்டடிக்குப் பட்டறையே போதவில்லை. ஷட்டரைத் தூக்கி, படகின் மூக்கை நடைபாதை வரைக்கும் நீட்டவேண்டியிருந்தது. மூக்கில் அம்மா உட்கார்ந்தார், பின்னால் சித்தி, நடுவில் சித்தப்பா ஒரு ஸ்டியரிங் உறையைப் பிடித்துக்கொண்டு ஓட்டினார், கழிவறைக்காக வரைந்த கட்டம் சரியான அளவா என்று பார்க்க அதில் என்னை உட்காரவைத்தார்கள். அந்த நேரம் பார்த்து சோபா கொடுத்திருந்த பல் டாக்டர் வந்து, "என் சோபா ரெடியா?" என்று கேட்டார். "நடு ஏரியில இருக்கோம் டாக்டர், கரைக்கு வந்ததும் தர்றேன்" என்றார் சித்தப்பா. அவர் சிரிக்காமல் சொன்னதால் டாக்டரும் சிரிக்கவில்லை. தன் சோபாவில்தான் அம்மா உட்கார்ந்திருக்கிறார் என்பதை மட்டும் கவனித்துவிட்டுப் போனார். அப்பா ஒரு மூலையில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் ஏறச் சொல்லவில்லை. இடம் இருந்தது, ஆனாலும் சொல்லவில்லை. அவர் ஈரத்துணியால் தன் பதினெட்டடியைத் தானே துடைத்து அழித்தது எனக்குப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

இப்போது இருவரும் ஒரே பட்டறையில் முதுகுக்கு முதுகு காட்டித் தைக்கிறார்கள். நடுவில் நான் தூது. "அவர்கிட்ட கத்தரி வேணும்னு கேளு காலேஜ்" என்பார் சித்தப்பா. காலேஜ் என்பது அவர் எனக்கு வைத்த பெயர். "காலையிலிருந்து அவன் மடியிலதான் இருக்குன்னு சொல்லும்மா" என்பார் அப்பா. கைக்கெட்டும் தூரம்தான். இரண்டு பேருக்கும் கேட்கும். ஆனாலும் நான் திருப்பிச் சொன்ன பிறகுதான் கேட்டதாக வைத்துக்கொள்வார்கள். இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நேற்று சித்தி ஒரு புது அடுப்பு வாங்கிவந்து, பெட்டியைப் பிரிக்காமல் மாடிப்படிக்குக் கீழே வைத்திருக்கிறார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் அதைத் தாண்டித்தான் போகிறோம், காலில் இடித்துக்கொண்டால்கூட சத்தம் போடுவதில்லை. அது பிரிந்தால் வீடு பிரியும் அத்தை. எனக்குப் பயமெல்லாம் அந்தப் பெட்டியை நினைத்துத்தான்.

இந்த நிலையில் இருவரும் என் மூலமாகவே பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். "படிச்சவ இருக்கா, அவ சொல்லட்டும்." இந்த வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதில் அவர்களுக்கு இருக்கும் பெருமைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் நான் படித்தது தாவரவியல். தண்ணீரில் மிதப்பவற்றில் எனக்குத் தெரிந்தது ஆகாயத்தாமரை மட்டுமே. அதைச் சொன்னால், "தெரியுதுல்ல, அது போதும்" என்கிறார் அப்பா. சின்னது என்றால் சித்தி பெட்டியைப் பிரிப்பார். பெரியது என்றால் அப்பா தன் சொந்தப் பட்டறையில் விருந்தாளியாகிவிடுவார். சனிக்கிழமை நான் வாய் திறந்தாக வேண்டும். பரீட்சையில் தெரியாத கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம். இங்கே அடுத்த கேள்வி என்று ஒன்று இல்லை.

அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டார்கள் என்று தாங்கள் அடிக்கடி சொல்வீர்கள். இங்கே இரண்டு அளவில் அடியும் இருக்கிறது, அண்ணனும் தம்பியும் இருக்கிறார்கள், எதுவும் உதவவில்லை. இருவரும் இந்த உலகத்தில் பயப்படுகிற ஒரே ஆள் தாங்கள்தான். தாங்கள் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாலே போதும், பாதி வழக்கு தீர்ந்துவிடும். மீதியையும் தாங்களே சொல்லிவிடுங்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று தலையாட்டுகிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். தங்கள் ஆசி இந்த வீட்டுக்கு எப்போதும் உண்டு. இந்த முறை அதைத் தபாலில் அனுப்பாமல் கையோடு கொண்டுவரவும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள தம்பி மகள்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் படகுக் கடையிலிருந்து போன். "மேடம், உங்க வீட்ல என்ன நடக்குது?" என்றார் விற்பனையாளர். தம்பி மனசு நோகக்கூடாது என்று அப்பா யாருக்கும் தெரியாமல் பெரிய படகைச் சொல்லிவைக்கப் போயிருக்கிறார். அண்ணன் முகம் வாடக்கூடாது என்று சித்தப்பா யாருக்கும் தெரியாமல் சின்னதைச் சொல்லிவைக்கப் போயிருக்கிறார். இருவரும் ஒரே மேசைக்கு முன்னால் மோதிக்கொண்டார்கள். கட்டிப்பிடித்து அழுதார்களாம். பிறகு, "நீ விட்டுக்குடுத்து நான் அனுபவிக்கணுமாடா?" என்று அப்பாவும், "நீங்க விட்டுக்குடுக்கிறத நீங்களே வச்சுக்குங்கண்ணே" என்று சித்தப்பாவும் ஆரம்பித்து, இப்போது பட்டறைக்குத் திரும்பி வந்து, முகத்துக்கு முகம் பார்த்து, வாய் ஓயாமல் சண்டை போடுகிறார்கள். தூது தேவைப்படவில்லை. அப்பா இருபத்திரண்டடிக்குக் கீழே இறங்கமாட்டேன் என்கிறார், சித்தப்பா பதினெட்டடிக்கு மேலே ஏறமாட்டேன் என்கிறார். ஆகவே, மேலே அப்பா என்று எழுதியிருக்கும் இடத்தில் சித்தப்பா என்றும், சித்தப்பா என்று எழுதியிருக்கும் இடத்தில் அப்பா என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளவும். தீர்ப்பு மட்டும் இன்னும் நான்தான் சொல்லவேண்டுமாம்.