துறைத்தலைவர் வேடத்தில் நான் நுழையவில்லை

மரியாதைக்குரிய செய்தி ஆசிரியரும், அதற்கு முன்பிருந்தே எனக்குச் சித்தப்பாவுமான தங்களுக்கு, அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அங்கு சித்தி நலமென்று அம்மா போனிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டுவிட்டதால், அந்த விசாரிப்பு முடிந்ததாக எடுத்துக்கொள்ளவும்.

தங்கள் நாளிதழின் ஐந்தாம் பக்கத்தில் "துறைத்தலைவர் வேடத்தில் கல்லூரிக்குள் நுழைந்த மாணவி" என்று ஒரு செய்தி வந்திருக்கிறது. அந்த மாணவி நான்தான். நுழைந்தது உண்மை, நான் படிக்கும் கல்லூரி அது. வேடம்தான் இல்லை. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்லூரி வாசலில் முகத்தைப் பார்த்து வருகைப்பதிவு செய்யும் இயந்திரம் ஒன்றை வைத்தார்கள். வருகிறவர் முகத்தையெல்லாம் உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே விடுவதால் நாங்கள் அதற்கு வைத்த பெயர் மாமியார். நான் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, கறுப்புச் சட்டக் கண்ணாடி மாட்டிய நாள் வரை எங்களுக்குள் சுமுகம்தான். எங்கள் இதழியல் துறைத்தலைவர் மேடத்துக்கும் குட்டை முடி, கறுப்புக் கண்ணாடி. மறுநாளிலிருந்து நான் போய் நின்றால் "வணக்கம், துறைத்தலைவர் அவர்களே" என்றது. அவர் போய் நின்றால் "மாணவி. தாமதம்" என்றது. அவர் காதில் எப்போதும் போன் இருப்பதால் கேட்கவில்லை. எனக்கு ஆசிரியர் அறைக் கதவு தானாகத் திறந்தது. ஒருநாள் உள்ளே போய் காப்பியும் குடித்தேன்.

அதற்குப் பிறகு துறைத்தலைவர் ஏதோ கருத்தரங்குக்கு வெளிநாடு போய்விட்டார். என் பெயரில் பதிவாகிக்கொண்டிருந்த முகம் அவருடையது என்பதால், அவர் போனதும் நான் கல்லூரிக்கு வராதவளாகிவிட்டேன். அப்பாவுக்கு தினமும் மெசேஜ், உங்கள் மகள் இன்று வரவில்லை என்று. "எங்கே ஊர் சுத்தப் போனே?" என்றார். "காலேஜ்லதான்பா இருந்தேன்." "அப்ப இந்த மெசேஜ் யாரு அனுப்புனா?" "காலேஜ்தான்." "காலேஜே சொல்லுது, நீ இல்லேன்னு!" உங்கள் அண்ணன் பெற்ற பெண்ணை நம்பாவிட்டாலும் வாங்கிய போனை நம்புவார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

வருகை குறைவு, ஆகவே தேர்வு எழுத முடியாது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். ஓடிப்போய் அலுவலகக் கிளார்க்கிடம் முறையிட்டேன். "மெஷின் பொய் சொல்லாதும்மா." "சார், உங்க எதிர்லதானே நிக்கிறேன்?" "நீ நிக்கிறது எனக்குத் தெரியுது. மெஷினுக்குத் தெரியணும்ல? துறைத்தலைவர் கையெழுத்து வாங்கிட்டு வா." "அவங்க வெளிநாட்டுல இருக்காங்களே." அவர் திரையைப் பார்த்தார். "இல்லியே, தினமும் வந்துட்டுத்தானே இருக்காங்க."

அழுகை வந்தது. அழுதால் கண்ணாடியைக் கழற்ற வேண்டும், கழற்றினால் எதுவும் தெரியாது, ஆகவே அழாமல் வீட்டுக்கு வந்து என் வலைப்பதிவில் எழுதினேன். அதை வழக்கமாகப் படிப்பது அம்மாவும், எல்லாப் பதிவுக்கும் கீழே "நல்ல தகவல்" என்று எழுதும் முகம் தெரியாத ஒருவரும்தான். அந்தத் தைரியத்தில் "துறைத்தலைவராக ஒரு வாரம்" என்று தலைப்பு வைத்தேன். காப்பியையும் விடவில்லை, செய்தியாளர் எதையும் மறைக்கக் கூடாது என்று துறைத்தலைவரே பாடம் நடத்தியிருக்கிறார். அது எப்படியோ ஊர் முழுக்கப் பரவி, உங்கள் நிருபர் கண்ணிலும் பட்டுவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை சித்தப்பா. நானே நம்பர் தேடிக் கூப்பிட்டேன். "நீங்களே எழுதியிருக்கீங்களேம்மா, துறைத்தலைவரா உள்ள போனேன்னு?" "அது கிண்டல் சார்." "கிண்டல்னா மேலயே கிண்டல்னு போட்டிருக்கணும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

செய்தியைப் படித்துவிட்டு, துறைத்தலைவர் விமானம் இறங்கின கையோட நேரா கல்லூரிக்கு வந்துட்டாங்க. முதல்வர் அறையில விசாரணை. என்னைக் கல்லூரியை விட்டே நீக்கணும்னு முதல்வர் சொல்றார். "மேடம், ஒரே ஒரு தடவை போனைக் காதுலேர்ந்து எடுத்துட்டு மாமியார் முன்னாடி நில்லுங்க"ன்னேன். "யார் மாமியார்?" அதை விளக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. எல்லாரும் வாசலுக்குப் போனோம். அவங்க நின்னாங்க. "மாணவி. தாமதம்." நான் நின்னேன். "வணக்கம், துறைத்தலைவர் அவர்களே." முதல்வருக்குக் கோபம் வந்து, "நகருங்க, நான் பாக்கறேன்"னு சட்டையை இழுத்துவிட்டுக்கிட்டுப் போய் நின்னார். மாமியார் ரொம்ப நேரம் பார்த்துட்டு, "யாரும் இல்லை" அப்படின்னுச்சு. துறைத்தலைவர் சிரிச்சதை அன்னிக்குத்தான் முதல்முதலா பார்த்தேன். அங்கேயே, சுவத்துல ஒரு தாளை வெச்சு, தேர்வுக்கு அனுமதி எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க. "நான் உன்னை மாதிரியா இருக்கேன்?"ன்னு கேட்டாங்க. இல்லேன்னாலும் தப்பு, ஆமான்னாலும் தப்பு. கண்ணாடியைத் துடைச்சேன். "போய் அந்தப் பேப்பர்ல மறுப்பு வாங்கிட்டு வா. அதை வாங்கிட்டா, நான் நடத்துற பாடத்துல பாதி முடிஞ்ச மாதிரி"ன்னாங்க.

ஆகவே, கல்லூரிக்குள் யாரும் யார் வேடத்திலும் நுழையவில்லை என்று ஒரு மறுப்பு வெளியிட்டு உதவும்படி, உறவைச் சொல்லிக் கேட்காமல், உண்மையைச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். சித்திக்கு என் அன்பு. தங்களுக்கு உடல்நலமும், தங்கள் நிருபருக்குப் பிறரைப் போனில் கூப்பிடும் பழக்கமும் அமையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணன் மகள்
(இதழியல், மூன்றாம் ஆண்டு)

பின்குறிப்பு: இதை அனுப்பும் முன் இன்றைய இதழைப் பார்த்துவிட்டேன். நான் கேட்காமலேயே மறுப்பு வந்திருக்கிறது: "வேடமிட்டு நுழைந்தவர் மாணவி அல்ல. துறைத்தலைவரே மாணவி வேடத்தில் நுழைந்துள்ளார். தவறுக்கு வருந்துகிறோம்." ஆகவே மேலே கேட்டது எதுவும் வேண்டாம் சித்தப்பா. இதற்கும் ஒரு மறுப்பு போட்டுவிடாதீர்கள், அடுத்து முதல்வர்தான் மிச்சம்.