தேவையில்லாத தகவல்

பெர்மெத் முதலில் நாயை அடித்தாள். பேனாவால்தான். நாய் கேள்விச் சீட்டில் இருந்தது.

நீரியலில் இரண்டு முறை தோற்றவள். இன்றைய வாய்மொழித் தேர்விலும் தோற்றால் பொறியியலுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பிஷ்கேக்கிலிருந்து சொந்த ஊரான நாரினுக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். தாமதமாகி, மூச்சிரைக்க அறைக்குள் ஓடிவந்து, மேஜையில் கவிழ்த்து வைத்திருந்த சீட்டுகளில் ஒன்றை உருவியிருந்தாள்.

"மலை மேய்ச்சலில் முந்நூறு ஆடுகள். ஊற்று நாற்பது மீட்டர் கீழே. கடும் வெயில். பாதி ஆடுகள் புல் தின்னாமல், உதடு காய்ந்து தள்ளாடுகின்றன. மேய்ப்பருக்கு வயது அறுபது. அவர் நாய் கறுப்பு. என்ன செய்வீர்கள்?"

விவசாயப் பல்கலைக்கழகத்தில் குழாய்க் கணக்கிலும் ஆடு மாடு வரத்தான் செய்யும். விடுதித் தோழி சொல்லி அனுப்பியிருந்தாள்: "கணக்குல பாதி நம்மள ஏமாத்தத்தான்டி இருக்கும். தேவையில்லாதத அடிச்சிடு."

மேய்ப்பரின் வயது போனது. வெயிலும் உதடும் தள்ளாட்டமும் போயின. துணிச்சல் வந்து ஆடுகளையே அடித்தாள். தண்ணீர் யாருக்கு என்பதே இல்லாமல் போயிற்று. ஆடுகளைத் திரும்பச் சேர்த்தாள். எவ்வளவு குடிக்கும் என்று பார்க்க வெயிலையும் சேர்த்தாள். சீட்டு அவளுக்கே படிக்க முடியாதபடி ஆனது.

பக்கத்துப் பையனிடம் கிசுகிசுத்தாள். "குழாய் விட்டம் உனக்காவது குடுத்திருக்காங்களா?"

"எந்தக் குழாய்? எனக்குப் பசு வந்திருக்கு."

"பசுவ அடிச்சிடு."

"பாவம், சினையா இருக்கு."

அதற்குள் தேர்வாளர் ஒரோஸ்பெகோவ் அவளை அழைத்துவிட்டார்.

"சொல்லும்மா. ஆடுகளுக்கு என்ன வியாதி?"

பெர்மெத் உஷாரானாள். "அது தேவையில்லாத தகவல், அகாய்," என்றாள் ஆசிரியருக்குரிய மரியாதையுடன்.

அறையில் பேனாக்கள் நின்றன. ஒரோஸ்பெகோவ் கண்ணாடியைக் கழற்றினார். "வியாதி தேவையில்லையா?"

"இந்த வெயில்ல நாற்பது மீட்டர் இறங்கி ஏறணும்னா எந்த ஆடும் வயிறார குடிக்காது. ஒரு பம்பு வச்சு தண்ணிய மேல ஏத்தி, தொட்டியில விட்டா போதும். தானா எழுந்து மேயும்."

அவர் அவள் சீட்டை வாங்கி மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். பெர்மெத் மனசுக்குள் பெட்டி கட்டத் தொடங்கினாள்.

"காலையிலேருந்து வந்தவன் பூரா ஊசி போடுறேங்கறான்," என்றார் கடைசியில். "தாகம்னு ஒருத்தனுக்கும் தோணல. உனக்கு அஞ்சுக்கு அஞ்சு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரோஸ்பெகோவ் பேனாவைத் திறந்தவர், அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா, எங்க கால்நடை மருத்துவப் பிரிவுல உன்ன நான் பார்த்ததே இல்லையே, எந்த வகுப்பும்மா நீ?"