சாட்சி சொல்ல மறுத்த வயிறு

மட்டக்களப்பிலிருந்து வாகரை வரைக்கும் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அத்தனை பேரையும் நடுங்க வைத்த ஒரே ஆள் எங்கள் மீன்பிடிக் கந்தோர் உத்தியோகத்தர் பத்தியத்தார்தான். சண்டைக் காலம் அது. துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துப் பழகிய முதலாளிமார்கூட, இவருடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் குசினிக்குள் அடுப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வார்கள்.

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. காற்றுப் பட்டாலே கலங்குகிற வயிறு அவருக்கு. பச்சை மிளகாயைத் தூரத்தில் கண்டாலே முகம் மாறும். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த உத்தியோகத்தைப் பாருங்கள்: கல்லடியில் தொடங்கி மாங்கேணி, வாகரை என்று கரையோரம் முழுக்க அலைந்து, மீனவருக்குக் கொடுத்த வலை மீனவரிடந்தான் இருக்கிறதா என்று பார்த்து எழுதுவது. பின் சீட்டில் உதவியாளாக நான். மதியச் சாப்பாடு எப்போதும் கடையில்.

கடைக்குள் போனால் மனிதர் உட்காரமாட்டார். நேரே பின்பக்கம் போவார். கக்கூஸுக்குக் கதவு உண்டா, கதவுக்குக் கொளுக்கி உண்டா, வாளியில் தண்ணீர் உண்டா என்று பார்த்து வந்த பிறகுதான் சாப்பாட்டுப் பேச்சு.

"மனே, இந்த எண்ணெய் எப்ப ஊத்தின?"

"இண்டைக்குக் காலையில சேர்."

"காலையில எத்தினை மணிக்கு?"

பக்கத்து மேசைக்காரர்கள் மெதுவாகத் தங்கள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைப்பார்கள்.

வாகரை வீதியில் சந்திக் கடை முதலாளி காக்காவோடுதான் பெரிய சண்டை; முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். "நீங்க சாப்பிட வாறீங்களா, கேஸ் புடிக்க வாறீங்களா? ஒங்கட வகுத்துக்கு எண்ட கடை சரிவராது. இனி வராதீங்க!" என்று காக்கா ஒவ்வொரு புதன்கிழமையும் கத்துவார். அடுத்த புதன் நாங்கள் போய் நிற்போம். அந்த வீதியில் மற்றக் கடைகளையெல்லாம் ஒவ்வொன்றாக மூடிவிட்டார்கள், வேறு போக்கிடம் இல்லை.

அப்படி ஒரு புதன்கிழமை, காக்கா கடைக்கு முன்னாலிருந்த சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் எங்களை மறித்தார்கள். அதிகாரி ஊருக்குப் புதிது, அரைகுறைத் தமிழ் பேசும் சிங்களவர். பத்தியத்தாரின் பையிலிருந்து ஒரு சிவப்பு மட்டைக் கொப்பி வெளியே வந்தது. பிரித்தால், கல்லடியிலிருந்து வாகரை வரை வீதிப் படம். அதில் வட்டங்கள், அம்புக்குறிகள், பெருக்கல் குறிகள். பக்கத்தில் 'வீதியிலிருந்து நாற்பது காலடி', 'நாய் உண்டு', 'பின்வழியால் வரலாம்'.

"இது என்ன மெப்?" என்றார் அதிகாரி.

"கக்கூஸ் சேர்."

தன்னைப் பகிடி பண்ணுகிறார் என்று அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. நான் வேறு உதவி செய்வதாக நினைத்து, "ஓம் சேர், மூண்டு பெருக்கல் குறி போட்டதெல்லாம் மகா ஆபத்தான இடம்" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஜீப் வரச் சொல்லி ஆள் போனது. ஜீப்பில் ஏற்றப்பட்டவர்களைத் தேடி அவர்களின் பெண்சாதிமார் முகாம் முகாமாக அலைந்த நாட்கள் அவை. பத்தியத்தார் கட்டியிருந்த மணிக்கூட்டைக் கழற்றி என் கையில் வைத்தார். "வீட்ட குடுத்திரு மனே" என்றார். வயிற்றுக் கோளாறுக்காரர், வழியில் கக்கூஸ் இருக்கும் இடங்களைத்தான் குறித்திருக்கிறார் என்று நான் அதிகாரியிடம் கெஞ்சினேன்.

அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, எங்களைக் காக்கா கடைக்குள் தள்ளிக்கொண்டு போனார். அவ்வளவு மோசமான வயிறு என்றால் காட்டு பார்ப்போம் என்று பராட்டாவும் கோழிக்கறியும் கொண்டுவரச் சொன்னார். எண்ணெய் மிதக்கும் சிவப்புக் கறி. பத்தியத்தார் கண்ணீரும் மூக்குச்சளியுமாக முழுவதையும் தின்று முடித்தார்.

எல்லோரும் காத்திருந்தோம். நான் அவருடைய மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். எத்தனையோ கடைகளில் மானத்தை வாங்கிய வயிறு, அன்று பயத்தில் அசையாமல் கிடந்தது. அவர் குனிந்து அதை இரண்டு கையாலும் அமுக்கினார். "ஏதாவது செய்யன், சனியனே" என்று அதனிடம் கெஞ்சியது எனக்குக் கேட்டது. வெளியே ஜீப் வந்து நின்றது. அதிகாரி எழுந்தார்.

அப்போதுதான் காக்கா குசினிக்குள்ளிருந்து ஒரு சின்னச் சட்டியோடு வந்து, அதை மேசையில் வைத்தார். சட்டியில் வெள்ளை வெளேரென்று தேங்காய்ப்பால் சொதி. காக்காவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. மூச்சு விடாமல் பேசினார். என்ன பேசினார் என்பதைப் பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்:

"சேர், இண்டைக்குப் புதன். இது இந்த மனிசனுக்கு மட்டும் ஆக்கின சொதி. மிளகாய் இல்ல, புளி இல்ல, ஒண்டும் இல்ல. புதனுக்குப் புதன் தனி அடுப்புல வைக்கிற. வேற ஒருத்தனும் இதத் திண்ணமாட்டான். நீங்களே வாயில வச்சிப் பாருங்க."

அதிகாரி ஒரு கரண்டி எடுத்துக் குடித்தார். முகம் கோணியது. பத்தியத்தாரை மேலும் கீழும் பார்த்தார், கொப்பியை மேசையில் எறிந்தார், ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனார். இதைச் சாப்பிட்டு உயிர் வாழ்கிறவன் யாரோடும் சண்டைக்குப் போகமாட்டான் என்றாராம். ஜீப் வெறுமையாகத் திரும்பிப் போனது.

மணிக்கூட்டை நானே அவர் கையில் கட்டிவிட்டேன். 

"காக்கா, எனக்கெண்டு தனி அடுப்பா?"

"பின்ன? ஒங்கட வகுத்த வச்சிக்கிட்டு வேற என்ன செய்யிற?" என்று சொன்ன காக்கா எங்கள் பக்கம் திரும்பவேயில்லை. இடியப்பத்தைக் கொண்டுவந்து பொத்தென்று வைத்தார்.

"சொதிய நல்லா விடுங்க காக்கா. வயிறு பயந்துபோய்க் கிடக்கு. அது எழும்ப முன்னம் திண்டு முடிச்சிருவம்" என்றார் பத்தியத்தார்.

நானும் என் கோப்பையை நீட்டினேன். அவ்வளவு மோசமான சொதியை என் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை. ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கினேன். அவர் எதிரே இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் எழும்புகிறவரை எனக்கும் எழும்ப மனம் வரவில்லை.