பெறுநர்: வீட்டு நிர்வாகம்

ஐம்பது வயது முடிவதற்குள் நாவலை முடித்துவிடுவது என்று குடிநீர் அலுவலகத்துப் புகார்ப் பிரிவு உதவியாளர் முடிவு செய்தார். முடிவு செய்வதில் அவர் கெட்டிக்காரர். முடிப்பதில்தான் கொஞ்சம் தகராறு.

பதினோரு வருடமாக அவருடைய கப்பல் துறைமுகத்திலேயே நின்றுகொண்டிருந்தது. நாவலின் நாயகன் ஒரு கப்பல் தலைவன். முதல் அத்தியாயத்தின் கடைசி வரியில் அவன் நங்கூரத்தை எடுக்கச் சொல்ல வேண்டும். பாவம், சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் உதவியாளருக்கு முதல் வரி உறுத்தும். அதைத் திருத்தப் போனால் இரண்டாவது வரி இளிக்கும். கடைசியில் மொத்தத்தையும் கிழித்துப் போட்டுவிட்டுப் பிள்ளையார் சுழியிலிருந்து ஆரம்பிப்பார். இப்படி அறுபத்துமூன்று முதல் அத்தியாயங்கள் ஆயிற்று. இரண்டாவது அத்தியாயம் என்று ஒன்று இருப்பதாகக் கேள்வி.

கீழ்வீட்டுப் பல் மருத்துவர் படியில் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

"கப்பல் கிளம்பிருச்சா சார்?"

"கிளம்பும், கிளம்பும்."

"ஏன், அங்கயும் தண்ணி வரலையா?"

குடிநீர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவரிடம் கேட்கிற கேள்வியா இது? உதவியாளர் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போவார். இந்தத் தடவையும் முடியவில்லை என்றால் தான் எழுத்தாளன் இல்லை என்று தானே ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

நாவல் எழுதி முடிக்க வழி சொல்லும் புத்தகம் ஒன்று வாங்கினார். தினமும் ஒரே நேரத்தில் எழுது, எழுதியதைத் திரும்பிப் பார்க்காதே, முதல் வரைவை யாருக்கும் காட்டாதே என்றது புத்தகம். திரும்பிப் பார்க்காமல் இருப்பது அவர் பிறவிக் குணத்துக்கே விரோதம். அன்றன்று எழுதியதை யாராவது பிடுங்கிப் பூட்டி வைத்தால்தான் உண்டு. வீட்டில் இருந்தது ஒரே ஆள், அவர் மனைவி. கணக்கு டீச்சர். இருபது வருடம் பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்த்தவர். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என்பது இதுதான்.

"நூத்திருபது நாள், காலைல அஞ்சரைலேர்ந்து ஏழு வரைக்கும் எழுதுவேன். ஏழு மணிக்கு நீ வாங்கிப் பூட்டிடணும். நான் கேட்டாலும் குடுக்கக் கூடாது."

"கெஞ்சினா?"

"குடுக்கக் கூடாது."

"அழுதா?"

"நான் எதுக்கு அழறேன்?"

"முதல் நாள் எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க."

"இன்னொண்ணு. நீ படிக்கக் கூடாது."

"ஆமா, அடுத்தவங்க கையெழுத்தைப் பாத்துப் பாத்துக் கண்ணு பூத்தது பத்தாதா?"

மறுநாள் மேஜை சுவரை விட்டு நடு அறைக்கு வந்திருந்தது. போன் பறிமுதல். நான்கு தாள், ஒவ்வொன்றிலும் பக்க எண், டீச்சரின் கையெழுத்து. ஆறே முக்காலுக்கு "இன்னும் பதினஞ்சு நிமிஷம்" என்று ஒரு குரல். உதவியாளருக்கு எழுத்து கோணிற்று. ஏழு மணிக்கு, எழுதிக்கொண்டிருந்த சொல்லின் பாதியிலேயே தாள் உருவப்பட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கப்பல் கிளம்பிவிட்டது! திருத்துவதற்குத் தாள் கையில் இல்லாததால் மூன்றாம் நாளே நங்கூரத்தை எடுத்தாகிவிட்டது. அதற்கப்புறம்தான் வந்தது வினை. உதவியாளர் ஜன்மத்தில் கடலைப் பார்த்ததில்லை. கடல் நீலமாக இருந்தது. மறுநாளும் நீலமாகவே இருந்தது. முப்பத்தெட்டாம் நாள் மாலுமிகள் எல்லோரையும் தூங்க வைத்தார். நாற்பதாம் நாள், எழுப்பி என்ன செய்வது என்று தெரியாமல் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"என்ன, தெரியாத கேள்வியா?" என்றார் டீச்சர், வாசற்படியிலிருந்து.

"ம்."

"தெரிஞ்ச கேள்வியை முதல்ல எழுதுங்க. தெரியாததைக் கட்டிக்கிட்டு அழுதா நேரம்தான் போகும்."

"இது பரீட்சை இல்லம்மா. நாவல்."

"எதுவா இருந்தாலும் வெள்ளைத்தாளுக்கு முட்டைதான்."

நாற்பத்தொன்றாம் நாள் உதவியாளருக்குப் புத்தி வேலை செய்தது. டீச்சர் தாளை எண்ணுகிறார், படிப்பதில்லை. நான்கு பக்கம் நிரம்பினால் போதும். யோசிக்காமலே அவர் கை எழுதக்கூடிய விஷயம் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. இருபத்தைந்து வருடமாகப் படித்துப் பதில் போட்ட புகார் மனு.

"அனுப்புநர்: மேற்படி கணவர். பெறுநர்: வீட்டு நிர்வாகம். பொருள்: விடியற்காலையில் மனுதாரரைக் குற்றவாளிபோல் எழுப்புவது தொடர்பாக. பார்வை: தங்களின் நேற்றைய முறைப்பு."

அரைமணியில் நான்கு பக்கம்! பேனா பறந்தது. மறுநாள், தன் சாய்வு நாற்காலி கேட்காமலே மைத்துனன் வீட்டுக்கு அனுப்பப்பட்டது பற்றி. அதற்கு மறுநாள், தான் சொல்லும் எந்தக் கதைக்கும் முடிவை மனைவியே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது பற்றி. இருபத்துநான்கு வருட வயிற்றெரிச்சல், எடுக்க எடுக்க வந்தது.

ஆனாலும் ஏழு மணிக்குத் தாளைக் கொடுக்கும்போது மனசு விண்டுபோகும். எழுதுவதாக ஊரை ஏமாற்றியது போதாதென்று இப்போது வீட்டையும் ஏமாற்றுகிறார். முப்பதாவது மனுவில் பொருள் என்ற இடத்தை வெறுமையாக விட்டு எழுதினார்: "நான் எழுத்தாளன் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வீட்டில் இருப்பவர் ஒருவர்தான். அவரும் தாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்."

நூற்றிருபதாம் நாள் திட்டம் தயாராக இருந்தது. தாள்கட்டை வாங்கி யாருக்கும் தெரியாமல் கிழித்துவிடுவது. கேட்டால், பதிப்பகத்துக்கு அனுப்பியது தபாலில் தொலைந்துவிட்டது என்பது. கீழ்வீட்டாரும் அனுதாபப்படுவார்.

"முடிஞ்சிருச்சும்மா. கட்டை எடு."

டீச்சர் பீரோவைத் திறந்து, நூல் கோத்துக் கட்டிய இரண்டு கட்டுகளை மேஜைமேல் வைத்தார்.

"இது கப்பல். நூத்துக்கு ஏழு. அதுவும் கையெழுத்துக்காக." பெரிய கட்டைத் தள்ளினார். "இது எழுபத்தெட்டு."

பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை.

"படிக்க மாட்டேன்னியே!"

"படிக்கல. திருத்தினேன். பக்கம் ரொப்புற பிள்ளைங்களை இருபது வருஷமா பாக்குறேன். சினிமாப் பாட்டு எழுதும், சாமிக்குக் கடுதாசி எழுதும். நாப்பத்தொண்ணாம் நாள் உங்க பேனா ஓடின சத்தத்துலயே தெரிஞ்சுபோச்சு."

அவர் புரட்டினார். நாற்காலி மனுவின் ஓரத்தில்: "கால் உடைந்தது. உடைத்தவர் மனுதாரர். நிராகரிக்கப்படுகிறது." ஒவ்வொரு மனுவுக்கும் பதில் இருந்தது. முப்பதாவதில் மட்டும் மதிப்பெண் இல்லை. ஓரத்தில் ஒரே சொல்: "பார்த்தேன்." உதவியாளர் அந்தப் பக்கத்தை வெகுநேரம் புரட்டவில்லை.

"என்னங்க, இதுதான் நாவல்."

"இதுவா? இது புகாரும்மா!"

"உங்களுக்குத் தெரிஞ்ச கேள்வி இதுதானே? ரெண்டு மனுவுக்குச் சிரிச்சுப் புரையேறிருச்சு. ஒரு மனுவுக்கு அழுதேன். கப்பல் கிடக்கட்டும் விடுங்க. கடைசி மனு மட்டும்தான் பாக்கி. உட்காருங்க."

உட்கார்ந்தார். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவருக்குப் பயத்தோடு கொஞ்சம் ஆசையும் வந்தது. எல்லா மனுக்களும் ஏற்கப்பட்டு நிர்வாகம் மன்னிப்புக் கேட்பதாக எழுதினார்.

டீச்சர் குறுக்கே ஒரு கோடு போட்டார். "நம்பும்படியா இல்லை."

இரு தரப்பும் சமாதானமாவதாக எழுதினார்.

"இழுக்குது."

மூன்றாவது தடவை உதவியாளர் பெருமூச்சு விட்டு எழுதினார்: "மனுக்கள் அனைத்தும் தள்ளுபடி செய்யப்பட்டன. மனுதாரர் இத்தீர்ப்பை மனமார ஏற்றுக்கொள்கிறார்."

டீச்சர் இரண்டு முறை படித்தார். "இப்பதான் உண்மை மாதிரி இருக்கு" என்று சொல்லி, குனிந்து ஏதோ குறித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

முடிந்துவிட்டது. உண்மையாகவே முடிந்துவிட்டது. உதவியாளர் பேனாவை உதறி, கண்ணைத் துடைத்து, 'முற்றும்' என்று எழுதக் குனிந்தார். அது ஏற்கெனவே எழுதியிருந்தது, சிவப்பு மையில், டீச்சரின் கையெழுத்துடன்.