அரப்புப் போட்டுக் குளித்த டர்போ குழாய்

சுத்தம் சோறு போடும் என்று சொன்ன புண்ணியவான் எங்கள் சிங்காநல்லூர் தெருவில் கொஞ்ச நாள் குடியிருந்திருக்க வேண்டும். வெள்ளைத்துண்டாரைப் பார்த்திருந்தால் அந்தப் பழமொழியை வாபஸ் வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே ஓடியிருப்பார். அவரைப் போலச் சுத்தக்காரரும் இந்த உலகத்தில் இல்லை, அவரைப் போல அடுத்தவனுக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றியவரும் இல்லை.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாருக்குத் தெரியும்? தோளில் எப்போதும் சலவை வெள்ளையில் ஒரு துண்டு. கண்ணில் பட்ட எதையும் அதன் நுனியால் ஓர் இழுப்பு இழுத்து, கறையை உரியவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டுவார். அதையும் மரியாதையாகச் செய்வார் பாருங்கள், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேக்கரியில் டீ கிளாஸைத் துடைத்து, தப்பா நினைக்காதீங்க, நீங்களே பாருங்க என்பார். டாக்டரிடம் போனால் ஸ்டெதஸ்கோப்பைத் துடைப்பார். எதிர்வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் உட்காரப்போன நாற்காலியைத் துடைத்து, அவர்கள் கண்ணெதிரிலேயே பெண்ணின் அப்பாவிடம் காட்டினார். சம்பந்தம் எப்படியோ கூடிவந்தது. பெண்ணின் அப்பா மட்டும் அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை.

ஆயுசு முழுக்க நூல் மில்லில் தரம் பார்த்தவர். நூலில் ஒரு பொட்டு எண்ணெய் பட்டாலும் அது கழிவு. ஓய்வு கொடுத்து மில் அவரை விட்டுவிட்டது, அவர்தான் மில்லை விடவில்லை. உலகத்தையே நூல்கண்டாகப் பார்த்துக்கொண்டு திரிந்தார்.

இந்த மனிதர் கையில் போய் என் காரின் குழாயைக் கொடுத்தேனே! வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான்.

என்னுடையது டர்போ வைத்த கார். டர்போ என்றால் இஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற சின்ன விசிறி. வீட்டு வாசலிலேயே அதற்கு எதையாவது புதிதாக மாட்டி அழகு பார்ப்பது என் பழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் புது ஏர் ஃபில்டர் மாட்ட உட்கார்ந்தேன். அன்று சாயங்காலம் பொள்ளாச்சி மண்டபத்தில் என் மச்சினனுக்கு இணைச்சீர், மறுநாள் முகூர்த்தம். இணைச்சீர் என்பது எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையோடு உடன்பிறந்தவள் நின்று செய்கிற சீர். மச்சினனுக்கு உடன்பிறந்தவள் ஒருத்திதான், அவள் என் மனைவி. இன்னைக்குப் போய் வண்டியை நோண்டோணுமா என்று கேட்டாள். சின்ன வேலைதான் என்றேன்.

ஃபில்டரிலிருந்து டர்போவுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாயைக் கழற்றினால், உள்ளே லேசாக எண்ணெய்ப் பிசுக்கு. இது சகஜம். இஞ்சினிலிருந்து வரும் ஆவியோடு கொஞ்சம் எண்ணெயும் வந்து அங்கே படியும். தேங்கி நின்றால்தான் பயப்பட வேண்டும். பக்கத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைத்துண்டாரிடம், கொஞ்சம் பிடிங்கண்ணா என்று குழாயை நீட்டினேன்.

துண்டு உள்ளே போய் வந்தது. நுனியெல்லாம் கரும்பழுப்பு. அவர் முகம் இழவு வீட்டு வாசலில் நிற்பவர் முகம் போல ஆகிவிட்டது.

"ஏனுங் தம்பி, இஞ்சின் போச்சுங்க."

நான் தலைகீழாக நின்று விளக்கினேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க என்றார். நம்பினேன், மடையன்! ஃபில்டரைப் பொருத்திவிட்டு நிமிர்ந்தால் ஆளையும் காணோம், குழாயையும் காணோம்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். தன் வீட்டுப் பின்னால் பொடக்காளியில் துவைக்கிற கல்லின் மேல் என் குழாயைக் கிடத்தி, அரப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது பிசுக்குப் போகத் தலைக்குப் போடுவோமே, அதே அரப்பு!

"பிசுக்குக்கு அரப்பை உட்டா வேற ஒண்ணும் இல்லீங்க தம்பி."

அந்தக் குழாய் மடிப்பு மடிப்பாக இருக்கும். மடிப்புக்கு மடிப்பு பச்சைச் சேறாக அரப்பு அப்பியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கால் டர்போவுக்கு ஒரு கேடும் இல்லை. அரப்புத் தூள் உள்ளே போனால் அன்றைக்கே அதற்குக் கருமாதி. கழுவக் கழுவ நுரை வந்ததே தவிர நின்றபாடில்லை. மத்தியானமும் ஆகிவிட்டது. முகூர்த்தக் காலம், ஊரில் ஒரு டாக்ஸி இல்லை. சீர்க்கூடையோடு பஸ்ஸில் போகலாம் என்றால் டவுன் பஸ்ஸெல்லாம் படியில் ஆள் தொங்கத் தொங்க வந்தன.

என் மனைவி என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. பட்டுச்சேலையோடு வாசற்படியில் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி அங்க தனியா நிப்பானுங்க" என்று அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் வெள்ளைத்துண்டாரை வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவரிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் உண்டு. தினமும் ஷெட்டிலிருந்து கேட் வரை வந்து, அப்படியே பின்னால் திரும்பிவிடும். ரோட்டில் இறங்கியதே இல்லை, ரோட்டில் தூசி இருக்கிறதாம். அந்தக் கார் கேட்டைத் தாண்டி எங்கள் வாசலில் வந்து நின்றது. சீட்டெல்லாம் வெள்ளைத் துணி.

"ஏறுங்க அம்மணி. அக்கா இல்லாம இணைச்சீர் எப்படிங்க நடக்கும்?"

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. தோண்டிப் போட்ட ரோடு. கண்ணாடி வரைக்கும் செம்மண் சேறு அடித்தது. ஒரு குழியில் கார் இறங்கி ஏறியதில் கூடையிலிருந்த குங்குமம் முழுக்க வெள்ளைச் சீட்டில் கொட்டியது. நான் அவசரமாகக் கையால் அள்ளப் பார்த்தேன். அவர் கண்ணாடியில் பார்த்தார்.

"மங்கலந்தானுங்க. இருந்துட்டுப் போவுது" என்றார்.

சீர் நடந்தது. தம்பிக்குப் பக்கத்தில் அக்கா நின்றாள். கடைசி வரிசையில் வெள்ளைத்துண்டார் துண்டால் கண்ணைத் துடைத்தார். துடைத்த கையோடு, பழக்கதோஷம், துண்டை விரித்துக் கறை இருக்கிறதா என்று பார்த்தார்.

அதற்காக என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். புதுக் குழாய் வரும்வரை கார் வாசலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள், வெள்ளைத்துண்டார் பவானியில் இருக்கும் மகள் வீட்டோடு போய்த் தங்கிவிட்டார். தெருவில் ஒருத்தரைக் கேட்டாரா? இல்லை.

இப்போதும் தோன்றும்போதெல்லாம் அந்தக் குழாயைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்து, கறையைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்புகிறேன். உடனே போன் வரும். "ஏனுங் தம்பி, இன்னும் அந்த வண்டியிலயா போயிட்டிருக்கறீங்க?" என்று ஆரம்பித்து, அம்மணி சௌக்கியமா, மச்சினன் குழந்தை நடக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்.

உண்மையில் அந்தக் குழாயைத் துடைக்க வேண்டிய அவசியமே கிடையாது.