விலக்கிவிடப் போனவர்

உலகத்தில் சண்டை போடுகிறவர்கள் உண்டு. சண்டையை வேடிக்கை பார்க்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டு இனத்தாலும் பெரிய தொந்தரவு கிடையாது. மூன்றாவதாக ஒரு இனம் இருக்கிறது பாருங்கள், விலக்கிவிடுகிறவர், அவரைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

அவரை அடையாளம் காண்பது சுலபம். எந்த நாற்காலியிலும் நுனியில்தான் உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டில் ஒரு தட்டு கீழே விழுந்தால் போதும், செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். பஸ்ஸில் இரண்டு பேர் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று முனகிக்கொண்டிருந்தால், நான்கு சீட் தள்ளியிருக்கும் இவர் எழுந்து வந்து, இருவர் தரப்பையும் விசாரித்து, "பாதி மூடிக்கோங்க" என்று தீர்ப்புச் சொல்லி, அதனால் இருவருக்கும் கோபம் வந்து, கடைசியில் தான் இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் கோட்டைவிட்டு, வெயிலில் திரும்பி நடந்து வருவார். கேட்டால், "நான் நடுவுல போகலன்னா அடிதடி ஆயிருக்கும்" என்பார். ஆகியிருக்காது. அவர்கள் அண்ணன் தம்பிகள்.

என் அக்கா வீட்டுக்காரர் இந்த இனத்தில் முதல் தரம். தொழில், லிஃப்ட் பழுது பார்ப்பது. ஒருமுறை லிஃப்டில் மாட்டிக்கொண்ட கணவன் மனைவி உள்ளேயே வாக்குவாதம் செய்ய, அத்தான் கதவைத் திறக்காமல் வெளியிலிருந்தே பஞ்சாயத்து பேசினார். நாற்பது நிமிடம். கணவனும் மனைவியும் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள், அவர் மேல் புகார் எழுதுவதற்காக.

இப்படிப்பட்டவரை எங்கே உட்கார வைக்கக் கூடாதோ அங்கே உட்கார வைத்தார்கள். கம்பெனியின் கூடைப்பந்து அணியில் மாற்று ஆட்டக்காரர். அதாவது, பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. மூன்று வருடமாக அவர் களத்தில் இறங்கியதே இல்லை. ஆனால் வீட்டில் அக்காவிடம் சொல்லியிருந்த கதை வேறு. "கோச்சுக்கு என்னை விட்டா ஆள் கிடையாது. இக்கட்டான நேரத்துக்குன்னே என்னை வச்சிருக்கார்."

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். யார் மாத்திரையை விழுங்கினார், யார் தலையணைக்கடியில் ஒளித்து வைத்தார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அரையிறுதி ஆட்டத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு கேலரியில் வந்து உட்கார்ந்தாள்.

"மூணு வருஷமா இவர் ஜெர்சியைத் துவைக்கிறேன்டா" என்றாள் மெதுவாக. "ஒரு நாள்கூட வேர்வை இருந்ததில்ல. மடிச்சுக் குடுத்தது மடிப்புக் கலையாம வரும். ஒரு தடவையாவது ஆடிட்டு வரட்டும்னுதான் வந்தேன்."

அத்தான் இன்றைக்கு ஆடியே தீர வேண்டும் என்று அந்த நிமிடம் முடிவு செய்தேன். என் முடிவுக்கு என்ன மதிப்பு என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள்.

அன்று அணியில் வந்ததே ஏழு பேர். ஐந்து பேர் களத்தில். பெஞ்சில் இரண்டு பேர்: அத்தான், அவர் பக்கத்தில் கணுக்கால் சுளுக்கி ஐஸ் பையோடு ஒரு ஒயர்மேன். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்கள் உயரக்காரருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கோச், அவர் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர், பெஞ்சின் பக்கம் திரும்பினார்.

"சட்டையைக் கழட்டி வைங்க. அடுத்த விசிலுக்கு நீங்கதான் இறங்கறீங்க. அதுவரைக்கும் ஒரே ஒரு வேலைதான். உக்காந்திருங்க."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் ஜெர்சிக்கு மேல் போட்டிருந்த சட்டையின் ஒரு கையைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்துத்தான், அந்தக் கோடியில் இருந்த கூடைக்கடியில், எங்கள் ஆள் ஒருவரும் எதிரணி ஆள் ஒருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, "என்னய்யா?" "நீ என்னய்யா?" என்று நெஞ்சை நிமிர்த்தினார்கள். நடுவர் விசில் ஊதினார்.

கூடைப்பந்தில் ஒரு விதி உண்டு. களத்தில் கைகலப்பு மூளும்போது பெஞ்சில் இருக்கும் ஆட்டக்காரர்கள் தங்கள் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வெளியேற்றம். நடுவருக்கு உதவியாகக் கோச் மட்டும் போகலாம். இதை ஆட்டத்துக்கு முன்னால் அத்தானுக்குத் தனியாக இரண்டு முறை சொல்லியிருந்தார்கள்.

ஓடினார். ஒற்றைக் கையில் சட்டை தொங்க, "விடுங்கப்பா, விடுங்கப்பா" என்று கத்திக்கொண்டு, களத்தின் முழு நீளமும் ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. இருவரும் சிரித்தபடி ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டிருந்தார்கள். அத்தான் நடுவில் புகுந்து அந்தக் கைகளைப் பிரித்துவிட்டார்.

நடுவர் ஒல்லியான, பொறுமையான மனிதர். வாசல் பக்கம் கை காட்டினார்.

"சார், நான் சண்டைக்கு வரல. விலக்கிவிடத்தான் வந்தேன்."

"எதுக்கு வந்தீங்கன்னு விதி கேக்கல சார். எங்கேருந்து வந்தீங்கன்னுதான் கேக்குது."

"அப்போ இவங்க ரெண்டு பேரும்?"

"ஆளுக்கொரு ஃபவுல். அவங்க ஆடுவாங்க."

இடித்தவர்கள் ஆடினார்கள். சமாதானம் செய்தவர் வெளியே. உயரக்காரருக்குப் பதிலாக ஒயர்மேன் நொண்டிக்கொண்டே இறங்கினார். அவர் எழுந்து ஓட முடியாததால் விதியின் கண்ணில் உத்தமராக இருந்தார். ஆறு புள்ளியில் தோற்றோம்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நடுவர் வாசலைக் காட்டியபோது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? கேலரியில் ஏழு படி இறங்கி, கம்பித் தடுப்பில் ஒரு காலைப் போட்டிருந்தேன். சண்டைக்கு இல்லை. அந்த மனிதருக்கு எடுத்துச் சொல்லலாமே என்றுதான். அக்கா ஓடி வந்து என் காலரைப் பிடித்து இழுத்தாள். "ஒரு ஆள் போதும் குடும்பத்துக்கு. நீ உக்காரு."

ஆட்டம் முடிந்ததும் வெளியே போனோம். அத்தான் சைக்கிள் ஸ்டாண்ட் ஓரத்தில் தலையைக் குனிந்து நின்றிருந்தார். கோடி வரை ஓடியது, நடுவரிடம் வாதாடியது, வெளியே வெயிலில் நின்றது, எல்லாம் சேர்ந்து ஜெர்சி முதுகோடு ஒட்டியிருந்தது. அக்கா அவர் முதுகில் கை வைத்துப் பார்த்தாள். ஈரக் கையைத் தன் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"கழட்டிக் குடுங்க" என்றாள். "இன்னிக்குத்தான் துவைக்க வேலை இருக்கு."

அத்தான் நிமிர்ந்தார். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! கோப்பையை வாங்கியவர்கள்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள்.

சரி, உங்களிடம் வருகிறேன். நடுவர் செய்தது கொஞ்சம் அதிகம்தான், அந்தக் கோச்சாவது பக்குவமாக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், நாம் அங்கே இருந்திருந்தால் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு வைத்து நிதானமாக முடித்திருப்போம் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டீர்களா?

தயவுசெய்து சாய்ந்து உட்காருங்கள்.