பட்டினி மேஸ்திரியின் இரண்டு குதிர்கள்

பயிரைப் பட்டினி போடுவதற்கென்றே சம்பளம் வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் பட்டினி மேஸ்திரி. அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு விதைப் பண்ணையில் நான் தற்காலிகக் குமாஸ்தா, அவர் வயல் மேஸ்திரி. பயிரைத்தான் காயப்போடுவாரே தவிர, அவர் மூன்று வேளையும் மூக்குப் பிடிக்கத் தின்பார்.

ஒரே ரக நெல்லை இரண்டு பாத்தியில் நடுவார். ஒன்றுக்கு வேளாவேளைக்குத் தண்ணீர். அதற்கு மாமியார் வீடு என்று பெயர். மற்றதை வாடவிட்டு, சாகப்போகிற நேரத்தில் ஒரு வாய் ஊற்றுவார். இரண்டின் விதையையும் தனித்தனிக் குதிரில் சேர்த்து, அடுத்த போகத்தில் மறுபடி அதே கூத்து. பட்டினி கிடந்த பயிரின் விதை வறட்சியைத் தாங்கும் என்பது அவர் கட்சி. இப்படியே ஏழு போகம் ஓட்டினார்.

ஒருநாள் திடீர் மழை. வயலைப் பார்க்க வந்த பண்ணை அதிகாரியின் குடையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார் மேஸ்திரி. பட்டினிப் பாத்தி நனையக் கூடாதாம். குடை ஒரு மூலைக்குத்தான் காணும். அந்த மூலைக்குப் பிடித்தபடி அவர் தெப்பமாக நனைந்தார். அதிகாரியும் நனைந்தார். நாங்கள் கொட்டகையில் நின்று சிரித்தோம்.

தலையைத் துவட்டிக்கொண்டே அதிகாரி கேட்டார்: "விதை அதேதான்றே. அப்புறம் குணம் மட்டும் எப்படிய்யா மாறும்? அப்பன் பட்ட பாடு புள்ளைக்கு ரத்தத்துலயா வரும்?"

மேஸ்திரியின் அண்ணன் பட்டு நூலுக்குச் சாயம் தோய்ப்பவர். அதனால் பதில் இப்படி வந்தது: "நூல் மாறல சார். சாயம் ஏறிக்கினு இருக்குது. நாலு தலைமுறைக்கு நிக்கும். அப்பால வெளுத்தாலும் வெளுக்கும்."

வெளுக்கவே வெளுக்காது என்று அடித்துச் சொல்லியிருந்தால் அதிகாரி நம்பியிருப்பார். நம் ஊரில் உண்மையைச் சந்தேகத்தோடு சொல்பவன் பைத்தியக்காரன்.

ஆனாலும் மேஸ்திரி விடவில்லை. நச்சரித்து நச்சரித்துக் கடைசியில் சம்மதம் வாங்கிவிட்டார். ஆடியில் கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியிலிருந்து பெரியவர்கள் வருவார்கள், அவர்கள் முன்னால் இரண்டு விதையையும் பக்கத்தில் பக்கத்தில் விதைக்கலாம். அந்தச் சந்தோஷத்தில் மேஸ்திரி வைகாசி கருட சேவைக்கு லீவு போட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் அதிகாரி கிடங்கைச் சுத்தம் செய்யச் சொன்னார். பண்ணையில் ஒரு சட்டம் உண்டு: ஒரு ரகத்துக்கு ஒரு குதிர். இரண்டு குதிரிலும் ஒரே ரகத்தின் பெயர் எழுதியிருந்தது. சட்டம் தெரிந்த குமாஸ்தாவாகிய நான், ஒன்றை எடுத்து மற்றதில் கொட்டினேன். நன்றாகக் கிளறியும் விட்டேன்.

மறுநாள் மேஸ்திரி வந்தார். நெல்லுக்குள் கையை விட்டபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். "பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்பா. இனிமே பிரிக்க முடியாது" என்றார். திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

அதிகாரி வந்து யார் கலந்தது என்று கேட்டார். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேஸ்திரி என்னை ஒருமுறை பார்த்தார்.

"நான்தான் சார். ரெண்டும் ஒரே ரகந்தானேன்னு கொட்டிட்டேன்."

"பாத்தியா? உனக்கே நம்பிக்கை இல்ல" என்று அதிகாரி சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். வெட்கம் கெட்ட நானும் சிரித்தேன். கோயம்புத்தூர்க்காரர்கள் வரவில்லை. மேஸ்திரி அதற்கப்புறம் எந்தப் பயிரையும் பட்டினி போடவில்லை. எல்லாப் பாத்திக்கும் ஒழுங்காகத் தண்ணீர் விட்டு ஓய்வு பெற்றார். நான் நிரந்தரமானேன்.

போன மாதம் பேப்பரில் ஒரு செய்தி. மரபணு மாறாமலே அதன்மேல் சில அடையாளங்கள் ஏறுமாம். தாய்ச்செடி பட்ட பாடு சில பயிர்களில் விதை வழியாகச் சில தலைமுறை போகுமாம், பிறகு மறைந்தும் போகுமாம். சாயம் என்ற சொல் மட்டும்தான் அதில் இல்லை.

மேஸ்திரி செத்து வெகுகாலம் ஆகிறது. மழை பிடித்தால் இன்னமும் எனக்கு அந்தப் பாத்திதான் நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு என் கையிலும் ஒரு குடை இருந்தது. போய் அவர் தலைக்குப் பிடித்திருக்கலாம்.